பன்றியோடு மாடியேறியவர்கள்: சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் யாருக்கு இடம்?

லீ குவான் இயூ தன் நினைவுக் குறிப்புகளின் இரண்டாம் பாகத்தில், குடிசைகளில் இருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டவர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருக்கிறார். பன்றி வளர்த்துப் பிழைத்தவர்கள் சிலருக்கு அவற்றை விட்டுவர மனசு வரவில்லை. படிக்கட்டில் தள்ளியும் கெஞ்சியும் பன்றிகளை மாடியேற்றினார்களாம். 12 பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம், கோழியும் வாத்துமாக ஒரு டஜனைக் கொண்டுவந்து சமையலறையில் வளர்த்தது. லிப்டில் ஏறப் பயந்து மாடி மாடியாக நடந்தவர்கள் இருந்தார்கள். சுவிட்சைத் தட்டினால் விளக்கெரியும் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றியவர்களும் இருந்தார்கள். தரைத்தளத்தில் வீடு கிடைத்தவர்கள் முன்னறையிலேயே சிகரெட்டும் மிட்டாயும் விற்கும் கடை போட்டுவிட்டார்கள்.

முதல் தடவை படித்தபோது சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது, இதை ஒரு பிரதமர் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார், பன்றிக்காரர் எழுதவில்லை என்பது உறைத்தது. பன்றி அவருடைய சேமிப்பு. வங்கிக் கணக்கைக் கீழேயே விட்டுவிட்டு மாடிக்கு வா என்று சொன்னால் நாம் போவோமா?

உயரமான கட்டடம் என்றதும் நமக்கு அலுவலகக் கோபுரமும் பணக்காரர்களின் பென்ட்ஹவுஸும்தான் நினைவுக்கு வருகின்றன. சிங்கப்பூரில் கதை தலைகீழ். அங்கே தரையில் தனி வீடு வைத்திருப்பவர்தான் பெரும் பணக்காரர். சாதாரண ஜனம் முழுக்க மாடியில் இருக்கிறது. குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் 100-க்குக் கிட்டத்தட்ட 80 பேர் வீவக வீட்டில்தான் வசிக்கிறார்கள். வீவக என்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது எச்டிபி. அங்கே வேலை பார்த்த சில வருஷங்கள் நானும் அப்படி ஒரு வீட்டின் ஓர் அறைக்கு வாடகை கொடுத்தவன். அந்த 80 என்ற எண் அப்போதிருந்தே என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. விழுக்காடு என்று யாராவது சொன்னால், வகுக்கும் எண் என்ன என்று பார்ப்பது என் தொழில் பழக்கம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பிரிட்டிஷ்காரர்கள் 1927-ல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 32 வருஷத்தில் அது கட்டியது சுமார் 23,000 வீடுகள். 1956-ல் குவீன்ஸ்டவுனில் ஃபோர்ஃபார் ஹவுஸ் என்று 14 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். அந்த வட்டாரத்துச் சீனர்கள் ஹொக்கியன் மொழியில் அதை 'பதினாலு மாடி' என்றே கூப்பிட்டார்கள். நம்மூரில் எல்ஐசியை வெறும் எண்ணை வைத்தே அடையாளம் சொன்ன காலம் இருந்ததே, அதே மாதிரி. ஆனால் நகரத்தின் பெரும்பகுதி ஜனம் வேறு இடங்களில் இருந்தது: சைனாடவுன் கடைவீடுகளில் பலகை வைத்துத் தடுத்த பொந்துகளில், ஊருக்கு வெளியே அத்தாப்பு ஓலையும் தகரமும் வேய்ந்த குடிசைகளில்.

1960 பிப்ரவரியில் வீவக பிறந்தது. தலைவர் லிம் கிம் சான், வங்கியும் வியாபாரமும் செய்தவர். வீடு கட்டுவது அவர் தொழில் இல்லை. முதல் ஐந்து வருஷத்துக்கு 50,000 வீடு என்று இலக்கு வைத்து, அதைத் தாண்டியும் கட்டினார்கள். 32 வருஷத்தில் 23,000 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வேகத்துக்குக் காரணங்களில் ஒன்று தீ. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பிடித்த தீயில் நான்கு பேர் இறந்தார்கள், சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஒரு வருஷத்துக்குள் அவர்களுக்கான அடுக்குமாடி வீடுகள் தயாராகத் தொடங்கின. ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி வாடகை, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60.

ஆக முதலில் மாடியேறியவர்களில் பெரும்பாலோர் விரும்பி ஏறியவர்கள் இல்லை. தீயோ நிலக் கையகப்படுத்தலோ தள்ளி ஏறியவர்கள். இதை 1964-ல் வந்த சொந்த வீட்டுத் திட்டமும், 1968-ல் மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று வந்த அனுமதியும் மாற்றின. மாதச் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் சேமநிதியில் இருந்தே தவணை கட்டலாம், கையில் இருந்து காசு போகாது. 99 வருஷக் குத்தகைதான், ஆனாலும் ஜனங்கள் அதை 'சொந்த வீடு' என்றுதான் சொல்கிறார்கள். வாடகைக்காரராக ஏறியவர் ஒரே தலைமுறையில் உரிமையாளர் ஆனார். இது சாதாரண விஷயம் இல்லை. உலகத்தில் வேறு எந்தப் பெருநகரத்திலும் இந்த அளவுக்கு ஏழைகளும் நடுத்தரமும் மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனதாக எனக்குத் தெரிந்து இல்லை. குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

உரிமையாளர் ஆகவும் நிபந்தனை உண்டு. குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். குடும்பமாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவர் தனியாக வாங்குவதற்கு 35 வயது வரை காத்திருக்க வேண்டும், அதுவும் 1991-க்குப் பிறகுதான் பரவலாகத் திறந்துவிட்டார்கள். யார் மாடியில் இருக்கலாம் என்பதைச் சந்தை விலை பாதி முடிவு செய்தது என்றால், மீதிப் பாதியை விண்ணப்பப் படிவம் முடிவு செய்தது.

கட்டடத்துக்குள்ளும் ஒரு மேல்கீழ் இருந்தது. பழைய புளோக்குகளில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. சிக்கனத்துக்காக முதல் தளம், ஐந்து, ஒன்பது என்று சில மாடிகளில் மட்டும் நிற்கும்படி கட்டியிருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர் ஐந்தாம் மாடிக்குப் போய் இரண்டு மாடி இறங்க வேண்டும், அல்லது கீழிருந்து நடக்க வேண்டும். 30 வயதில் இது ஒன்றும் இல்லை. பன்றியை மாடியேற்றிய அதே மனிதர் 70 வயதில் சக்கர நாற்காலியில் உட்காரும்போதுதான் லிப்ட் நிற்காத மாடி ஒரு சிறை ஆகிறது. 2001-ல் லிப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்தது, ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் நிற்கும்படி மாற்றிக் கட்டினார்கள். எந்தத் தொகுதிக்கு முதலில்? ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போட்ட தொகுதிகளுக்கு முன்னுரிமை என்பதை 1990களின் தேர்தல்களிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். சியாம் சீ டோங் 1984-ல் இருந்து வைத்திருந்த பொத்தோங் பாசிர் மாதிரி எதிர்க்கட்சித் தொகுதிகள் வரிசையில் பின்னால் நின்றன. வீட்டு வாசலில் லிப்ட் நிற்குமா நிற்காதா என்பதை வாக்குச்சீட்டோடு முடிச்சுப் போட்ட ஊர் அது.

லிப்டைப் பற்றி இன்னொன்று. 1980களின் கடைசியில் லிப்டுக்குள் சிறுநீரைக் கண்டுபிடிக்கும் கருவி வைத்தார்கள். உப்புநீர் பட்டால் லிப்ட் நின்று கதவு பூட்டிக்கொள்ளும், அதிகாரி வந்துதான் திறக்க வேண்டும். எம்பெடட் சிஸ்டம்ஸ் வகுப்பில் பாடமாக வைக்கலாம்.

சரி, இனி நமக்கு நெருக்கமான பகுதி. இந்தக் கட்டடங்களில் தமிழர்கள் எங்கே?

அந்தக் காலத்து இந்தியத் தொழிலாளிகளில் பெரும்பகுதி முதலாளி கொடுத்த குடியிருப்பில்தான் இருந்தது. துறைமுகம், ரயில்வே, நகராட்சி, செம்பவாங் கடற்படைத் தளம் என்று வேலை இருந்த இடத்திலேயே வரிசை வீடுகள். 1971-ல் பிரிட்டிஷ் படை வெளியேறியபோது, தளத்தை நம்பியிருந்த தமிழர்களும் மலையாளிகளும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். தங்கியவர்களுக்குப் பக்கத்திலேயே ஈசூன் புதுநகரம் எழுந்தது. இயல்பாகவே அங்கே இந்தியர்கள் கூடினார்கள். அதே போல மலாய்க்காரர்கள் பிடோக், தெம்பனிஸ் பக்கமும், சீனர்கள் ஹவ்காங் பக்கமும் சேர ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர், கோயில், மசூதி, பழகின கடை இவற்றுக்குப் பக்கத்தில் வீடு தேடுவது மனித இயல்பு.

அரசு இதை வேறு கண்ணோடு பார்த்தது. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த இனக் கலவரங்களில் 36 பேர் இறந்த நினைவு அந்தத் தலைமுறைக்கு இருந்தது. 1989-ல் தேசிய வளர்ச்சி அமைச்சர் ஒரு புதிய விதியை அறிவித்தார். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு இனத்துக்கும் உச்சவரம்பு. சீனர் வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரர் 22, 25. இந்தியரும் மற்றவரும் 10, 13. அந்த அமைச்சர் எஸ். தனபாலன். தமிழர்.

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாருக்கும் சமமான விதி. நிரல் எழுதுகிறவன் கண்ணுக்கு இது இரண்டு வரி இஃப்-எல்ஸ். வாங்குபவரின் இனம் வரம்பைத் தொட்டுவிட்டதா? தொடவில்லை என்றால் யாரிடமும் வாங்கலாம். தொட்டுவிட்டால் அதே இனத்தவரிடம் மட்டும் வாங்கலாம். அவ்வளவுதான். இதை ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகிறது?

100 வீடுள்ள ஒரு புளோக் என்று வைத்துக்கொள்வோம். 87-ல் சீனர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வரம்பு நிரம்பிவிட்டது. மீதி 13-ல் ஒரு வீடு ஒரு தமிழருடையது, அவர் விற்க வேண்டும். சீனருக்கு விற்க முடியாது, விற்றால் 88 ஆகிவிடும். மலாய்க்காரரோ இந்தியரோதான் வாங்கலாம். இந்த இரண்டு இனமும் சேர்ந்தே நாட்டில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது வாங்கக்கூடியவர்களில் முக்கால்வாசிப் பேர் கதவுக்கு வெளியே. அதே புளோக்கில் எதிர்வீட்டுச் சீனர் விற்றாலோ, சீனரும் வாங்கலாம், வரம்பு நிரம்பாத மற்றவரும் வாங்கலாம். இரண்டு வீடும் ஒரே அளவு, ஒரே மாடி, ஒரே வெயில். விலை மட்டும் ஒன்றாக இருக்காது. தமிழர் விலையைக் குறைத்துக்கொண்டு, மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் எழுதவில்லை என்பதுதான் விசேஷம். எல்லாருக்கும் ஒரே விதி. ஆனால் எண்ணிக்கை சமமாக இல்லாத இடத்தில் சமமான விதி சிறுபான்மையினர் பையில் இருந்துதான் காசை எடுக்கும். இந்தியருக்கான வரம்பை 2010-ல் 12, 15 என்று உயர்த்தினார்கள். 2021-ல் நாடாளுமன்றத்தில் இது பெரிய விவாதமானது. அரசுத் தரப்பே சில சிறுபான்மை உரிமையாளர்களுக்குச் சிரமம் இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022-ல் இருந்து, உண்மையிலேயே விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று ஒரு வழி வைத்தார்கள். 33 வருஷம் கழித்து வந்த பேட்ச்.

அப்படியானால் விதியே வேண்டாமா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. புளோக்கின் கீழே காலியாக விட்டிருக்கும் தரைத்தளத்தில் சனிக்கிழமை மலாய்க் கல்யாணப் பந்தல், செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் சீனர் வீட்டு இழவு, நோட்டீஸ் பலகையில் நாலு மொழி, தீபாவளிக்கு நடைபாதையில் கோலம். இதெல்லாம் தானாக நடந்திருக்காது. சென்னையிலும் மும்பையிலும் சைவம் மட்டும், இன்ன ஆட்களுக்கு இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் அபார்ட்மென்ட்டுகளைப் பார்த்த எனக்கு, ஒரு அரசாங்கம் உட்கார்ந்து பக்கத்து வீட்டைக் கலந்து வைத்தது பெரிய காரியமாகத்தான் தெரிகிறது. என் புகார் வேறு. கலந்து வாழ்வது எல்லாருக்கும் நன்மை என்றால், அதற்கான செலவை ஏன் மூன்றாவது மாடித் தமிழர் மட்டும் கட்ட வேண்டும்? பொதுக் கஜானா முதல் நாளிலேயே கட்டியிருக்கலாமே.

இனம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதும் சுவாரசியம். அடையாள அட்டைப் பதிவில் இருக்கும் இனம்தான் கணக்கு. 2011-ல் இருந்து கலப்பு மணத்துப் பிள்ளைகள் இரண்டு இனத்தையும் கோடு போட்டுப் பதியலாம். வீட்டு விஷயத்தில் கோட்டுக்கு முன்னால் இருப்பது மட்டும் எண்ணப்படும். அம்மா பெயர் முன்னாலா அப்பா பெயர் முன்னாலா என்பதில் ஒரு வீட்டின் விலை அடங்கியிருக்கலாம்.

இப்போது அந்த வகுக்கும் எண்ணுக்கு வருகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் சுமார் 57 லட்சம் பேர். அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 40 லட்சம். 80 விழுக்காடு என்பது இந்த 40 லட்சத்தில்தான். மீதி 16 லட்சத்துச் சொச்சம் பேர் வகுக்கும் எண்ணிலேயே இல்லை. இன விகிதக் கணக்கிலும் வீட்டு உரிமையாளர்தான் வருவார், உள்ளே படுத்திருக்கும் எல்லாரும் வரமாட்டார்கள்.

உள்ளே படுத்திருப்பவர்களில் முதலில் பணிப்பெண்கள். 2020-ல் சுமார் இரண்டரை லட்சம் பேர், பெரும்பாலும் இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார், கொஞ்சம் தமிழ்நாடு. முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது அவர்கள் வேலை அனுமதியின் நிபந்தனை. வீடும் வேலையிடமும் ஒன்றுதான், அதுவும் பத்தாம் மாடியில். குடிசையில் ஜன்னல் துடைப்பது வேலை, பத்தாம் மாடியில் ஜன்னலின் வெளிப்பக்கம் துடைப்பது உயிராபத்து. மாடி வீட்டையே பார்த்திராத கிராமத்தில் இருந்து வந்த பெண்கள் எட்டிச் சாய்ந்து துடைக்கும்போது விழுந்து இறந்தார்கள். 2012-ன் முதல் சில மாதங்களில் அடுத்தடுத்து நடந்த சாவுகளுக்குப் பிறகுதான் விதி வந்தது: கம்பித்தடுப்பு பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ பொறுப்பான ஒரு பெரியவரோ பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிப்பக்கம் துடைக்கச் சொல்லக் கூடாது. வாரம் ஒரு நாள் விடுப்பு என்பது 2013-ல்தான் சட்டமானது. லிப்டைப் பார்த்துப் பயந்த 1960களின் குடும்பங்களுக்குப் பழகிக்கொள்ள வருஷங்கள் கிடைத்தன. இந்தப் பெண்களுக்கு வந்த முதல் வாரமே ஜன்னல்.

அடுத்தது, கட்டியவர்கள். டக்ஸ்டனில் 2009-ல் முடிந்த பினக்கிள் வளாகம் வீவகவின் பெருமை: ஏழு கோபுரம், 50 மாடி, 1,848 வீடு, 26-ஆம் மாடியிலும் 50-ஆம் மாடியிலும் கோபுரங்களை இணைக்கும் பாலங்கள். 1960களில் அதே இடத்தில் நின்ற பத்து மாடிப் புளோக்குகளை இடித்துவிட்டுக் கட்டினார்கள். சிங்கப்பூரில் இன்று இப்படி எந்தக் கோபுரம் எழும்பினாலும் சாரத்தில் நிற்பவர்களில் பலர் வங்காளதேசத்தில் இருந்தும் தமிழ்நாட்டில் இருந்தும் வந்தவர்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கம் விசாரித்தால் தெருவுக்கு ஒருவராவது அங்கே இரும்பு கட்டியவர் இருப்பார்.

மலேசியர் அல்லாத கட்டுமான வேலை அனுமதிக்காரர் வீவக வீட்டை வாடகைக்கு எடுக்க முடியாது. அறையும் கிடையாது. என்னைப் போல கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அனுமதி அட்டையின் வகை வேறு, அதனால் எனக்கு அறை கிடைத்தது. ஒரே விமானத்தில் திருச்சியில் இருந்து வந்திறங்கிய இரண்டு பேரில் ஒருவர் புளோக்குக்கும் இன்னொருவர் ஊரோரத் தங்குவிடுதிக்கும் போவார்கள். 2008-ல் செராங்கூன் கார்டன்ஸ் பகுதியில் காலியான பள்ளிக்கூடம் ஒன்றைத் தொழிலாளர் விடுதியாக மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்ததும், குடியிருப்பாளர்கள் கையெழுத்து வாங்கி எதிர்த்தார்கள். விடுதி வந்தது, ஆனால் அதற்கான பாதையைக் குடியிருப்புத் தெருக்களைத் தொடாமல் தனியாகப் போட்டார்கள்.

பிறகு 2020 ஏப்ரல். சுமார் மூன்று லட்சம் பேர் இருந்த விடுதிகளுக்குள் கோவிட் புகுந்தது. ஓர் அறையில் பத்து, பன்னிரண்டு, அதற்கும் மேல். இரண்டடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை. தினசரி அறிக்கையில் சமூகத்தில் தொற்று இவ்வளவு, விடுதிகளில் தொற்று இவ்வளவு என்று இரண்டு எண்கள் தனித்தனியாக வந்தன. அந்த வருஷ டிசம்பரில் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து அரசு வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அதற்குப் பிறகு புதிய விடுதிகளுக்கு அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர் இடம் என்று தரம் நிர்ணயித்தார்கள். 1960களில் தீயில் வீடிழந்தவர்களுக்காக அவசரமாகக் கட்டிய ஓரறை வீடு சுமார் 23 சதுர மீட்டர், அதில் ஒரு குடும்பம் இருந்தது.